சாவி டப்பா

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மேல என்ன பாத்த?" சூப்பராக இருந்தது என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. "சூப்பருன்னா அது என்ன கலரு?" என்று அடுத்த கேள்வி வந்து விழும். மூச்சு வாங்க இறங்கி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டால் என்னவாம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அதெல்லாம் அவரிடம் நடக்காது. சொன்னால்தான் தண்ணீர், சொன்னால்தான் சாவி.

எங்கள் குரூப் மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, தாராவி, தாணே என்று நாலு பக்கத்துத் தமிழ் ஆட்களும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் கர்ஜத் ரயிலைப் பிடித்து ஏதாவது ஒரு கோட்டை மலைக்குப் போவோம். மழைக்காலம் முடிந்துவிட்டால் ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ப் படகில் துடுப்புப் போடுவோம். நடத்துகிறவர் தாணேக்காரர் ஒருவர். பேங்க்கில் வேலை, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அக்கா எல்லாவற்றுக்கும் வருவார், எதிலும் ஏறமாட்டார். மலை என்றால் அடிவாரத்தில் பைகளோடு உட்கார்ந்துவிடுவார், ஏரி என்றால் கரையில் துண்டுகளோடு. முட்டி வலி என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். முட்டி வலியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குர்லா ஸ்டேஷன் பாலத்தில் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு என்னைவிட வேகமாக ஏறுகிற பெண்பிள்ளை அவர். நான் ஒருமுறை நேராகவே கேட்டேன், ஏன் மேலே வரமாட்டேன் என்கிறீர்கள் என்று. மேலே போனால் திரும்ப இறங்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார்.

நான் தாராவியில் ஒரு கோலியில் இருக்கிறேன். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. அம்மா இருந்தவரை அதில் இரண்டு பேர். அம்மா போனபிறகு தம்பி கல்யாணம் முடித்துக் கல்யாண் பக்கம் போய்விட்டான். எனக்குச் சயானில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் போனில் கத்திக் கத்தியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பாடு. சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? ஆபீசில் கூட வேலை பார்க்கிறவள்தான் இந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டாள். மாதா கோயில் பூசைக்குப் போகாமல் மலைக்குப் போகிறாளே என்று சித்தி வாயில் விழவேண்டாம் என்பதற்காகச் சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துவிட்டுப் போவேன்.

முதல் தடவை போனபோது பாதி மலையில் ஒரு பாறை. கயிறு கட்டியிருந்தார்கள், அதைப் பிடித்து ஏற வேண்டும். நான் கீழே ஒரு தரம் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். தாணேக்காரர் விசில் ஊதுகிறார், பின்னால் வருகிறவர்கள் "சலோ, சலோ" என்கிறார்கள். எனக்கு ஒரு மலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே இறங்கி வந்தேன். அழுகையும் கோபமுமாக வந்தவளைப் பார்த்து அக்கா பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. அதுவரைக்கும் என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்றேன்.

"மூடுறதுக்கு முந்தி எட்டிப் பாத்தேல்லா. அப்ப என்ன தெரிஞ்சுது?"

யோசித்துப் பார்த்தேன். கீழே ஒரு குட்டை தெரிந்தது. அதில் எருமை கிடந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், இரண்டு கொம்பு மட்டும் வெளியே. அதைச் சொன்னேன். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொம்பு நேராக இருந்ததா வளைந்திருந்ததா என்று விசாரித்தார். சாயங்காலம் உச்சிக்குப் போனவர்கள் இறங்கி வந்ததும் ஒவ்வொருவரிடமும், "இவ எருமையோட கொம்பப் பாத்துட்டு வந்திருக்கா. நீங்க யாராச்சும் பாத்தீயளா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. திரும்பி வருகிற வண்டியில் நான்தான் மலை ஏறியவள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன்.

சாவி சமாச்சாரம் தொடங்கியது பவனா ஏரியில். எங்கள் ஆள் ஒருவர் படகோடு கவிழ்ந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். டிரவுசர் பையில் இருந்த வீட்டுச் சாவி ஏரிக்குள் போய்விட்டது. அவர் மனைவி அந்த நேரம் பார்த்து ஊருக்குப் போயிருந்தாள். பூட்டை உடைத்துத்தான் வீட்டுக்குள் போனாராம். அதற்கு அடுத்த முறையே அக்கா ஓர் எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றார். முறுக்கு கொண்டுவருகிற அதே டப்பாதான். சாவியை எல்லாம் இதில் போடுங்கள் என்றார். அன்றிலிருந்து அது குரூப்பின் வழக்கமாகிவிட்டது. தண்ணீரானாலும் சரி, மலையானாலும் சரி, போகுமுன் ஒவ்வொருவரும் வந்து டணங் டணங் என்று சாவியைப் போட்டுவிட்டுப் போவார்கள். இறங்கி வருகிறவர்களின் தலை தெரிந்ததும் அக்கா டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். மூட்டத்தில் வழி தெரியாத நாளில்கூட அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். என் சாவியில் எந்நேரமும் முறுக்கு எண்ணெய் வாசம் அடிக்கும்.

நான் முதன்முதலாகப் போட்டபோது அக்கா என் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். வளையம் கிடையாது, கொத்து கிடையாது, ஷூ லேஸ் துண்டில் கட்டிய ஒற்றைச் சாவி. இதற்கு டூப்ளிகேட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். டப்பாவுக்குள் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். புருஷனுக்கு அணுசக்தி நகரில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். அந்த மனிதர் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம், பேசக்கூடாதாம். ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போவார், சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார், சோறு சாப்பிடுவார், படுப்பார். இன்றைக்கு என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாராம். ரிட்டையர் ஆகிச் செம்பூரில் ஒரு பிளாட் வாங்கிக் குடிவந்த மறு வருஷமே அவர் போய்விட்டார். மகள் சென்னையில். இதையெல்லாம் அக்கா ஒரே மூச்சில் பன்வேல் பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிட்டு, நீ போனவாரம் பார்த்த அருவியில் தண்ணீர் எந்தப் பக்கமாக விழுந்தது, அதைச் சொல் என்றார்.

கேட்டுக் கேட்டே அந்த மலைகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோட்டைக்குள் வடக்கே ஒரு தொட்டி இருக்கும், அதில் தண்ணீர் குடிக்காதே, தவளை கிடக்கும் என்பார். புதிதாக வந்த பையன்கள் ஆன்ட்டி எத்தனை தடவை ஏறியிருக்கிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்பார்கள். அக்கா சாவியைப் போடு என்று டப்பாவை நீட்டுவார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இறங்கி வரும்போதே மழை, ஷூவுக்குள் தண்ணீர், வண்டிக்கு நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒருத்தர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஆடு மேய்ந்ததா, மேய்க்கிறவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? இளவட்டங்கள் அக்காவுக்கு டோல் நாக்கா என்று பெயர் வைத்தார்கள். சுங்கம் கட்டாமல் தாண்ட முடியாதாம். ஒரு நாள் ஒரு பெண், ஸ்பெஷலாக ஒன்றுமில்லை ஆன்ட்டி, கொடுங்கள் என்று டப்பாவுக்குள் கையை விட்டுத் தன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா குர்லா வரும்வரை டப்பாவை மடியில் வைத்து மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவுக்கு ஒரு மனுஷி இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாளா என்று நினைத்தேன். அதன் பிறகு ஜிப் வைத்த பை வாங்கிக்கொண்டவர்கள் சாவியை டப்பாவில் போடுவதை நிறுத்தினார்கள். டப்பாவின் சத்தம் குறைந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த மழை முடிந்த மாதத்து ஞாயிறு வந்தது. தாணேக்காரர் புதிதாக ஒரு திட்டம் போட்டிருந்தார். கர்ஜத்துக்கு உள்ளே ஒரு மலை. இந்தப் பக்கம் ஏறி, மலை முதுகோடு நடந்து, அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இறங்குவது. பைகள் ஜீப்பில் மலையைச் சுற்றிக்கொண்டு வரும், அக்காவும் அதிலேயே வரவேண்டியது. காலையில் அக்காவிடம் விவரமாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். நாங்கள் பழைய ஆட்கள் பத்துப் பேர் வழக்கம்போலச் சாவியைப் போட்டுவிட்டு ஏறினோம்.

அந்தப் பக்கம் இறங்கியபோது ஜீப் நின்றது, பைகள் இருந்தன, டிரைவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவரும் உடனே கவனிக்கவில்லை. நானும்தான். எதிரே இருந்த டீக்கடையில் வடா பாவ் சாப்பிட்டோம், சட்டை மாற்றினோம். ஒருவர் சாவிக்காகப் பையைத் துழாவி, சாவி டப்பாவில் அல்லவா இருக்கிறது என்று சொன்னபோதுதான் டப்பா எங்கே, அக்கா எங்கே என்று தேடினோம். டிரைவரை எழுப்பிக் கேட்டதற்கு, அம்மாதான் நீ போ, நான் வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றான். போனில் டவர் இல்லை. ஜீப்பில் திரும்பச் சுற்றிக்கொண்டு போனால் வண்டி போய்விடும்.

அப்போது நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் கவலைப்பட்டார்கள். பட்டுவிட்டு, என் வீட்டில் அவள் இருப்பாள், பெல் அடித்தால் போதும் என்றார் ஒருவர். என் வீட்டில் அம்மா இருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. அக்கா விவரமான ஆள், பஸ் பிடித்து வந்துவிடுவார், சாவியை நாளைக்குச் செம்பூரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றார் தாணேக்காரர். எல்லோர் வீட்டிலும் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் இருந்தது. ஒவ்வொருவராக ஜீப்பில் ஏறினார்கள். நான் மட்டும் நின்றேன். என் கோலிக்குள் பெல்லும் கிடையாது, திறக்க ஆளும் கிடையாது. அந்த ஒற்றைச் சாவி இல்லாமல் எனக்கு அன்றைக்கு வீடு இல்லை.

டீக்கடைக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழி முழுக்க அக்காவைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அறிவிருக்கிறதா, வயசுக்குத் தகுந்த புத்தி வேண்டாமா, நாலு பேரை அலைக்கழிக்கிறீர்களே என்று எல்லாம் தயாராக இருந்தது. வெயில் தணிந்து மலை நிழல் விழ ஆரம்பித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். காலையில் விட்டுப்போன அதே இடம், கைப்பம்பு மேடை. அக்கா மலைப்பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பைக் சத்தம் கேட்டதும் டப்பாவைத் தூக்கிக் குலுக்கினார். நான் வந்தது பின்னால் ரோட்டு வழியாக. அவர் குலுக்கியது மலையைப் பார்த்து.

அக்கா என்று கூப்பிட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்தார், அப்புறம் எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"மத்தவியள எங்க?"

"அவியளுக்கு வீட்டுல ஆள் இருக்குக்கா. பெல்லடிச்சா தொறப்பாங்க."

டப்பாவை மடியில் இறக்கி வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நீ சாவிக்குத்தான் வந்திருக்க. எனக்கு வரல."

உங்களுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வாரம் தவறாமல் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப் பழகிய ஆளிடம் பொய் வரவில்லை.

"ஆமாக்கா. சாவிக்குத்தான்."

அக்கா கோபப்படவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ, ஜீப்பில் ஏறியிருக்கக் கூடாதா என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ஜீப்புல சுத்தி வந்தா நானும் உங்கள மாதிரி வந்து சேருற ஆளுதானட்டி. எங்கிட்ட வந்து சேர ஒரு ஆளு வேணும்லா. வீட்டுல யாரு வாரா?" என்றார். "யாராவது ஒருத்தர் பாதியில பயந்து இறங்கி வருவியன்னு பாத்துட்டே இருந்தேன். இன்னைக்கின்னு ஒருத்தரும் பயப்படல."

டப்பாவைத் திறந்து, பார்க்காமலே என் சாவியை எடுத்தார். அந்தக் குவியலுக்குள் அவருடைய சாவியும் கிடந்தது. அதுவும் ஒற்றைச் சாவிதான். என் சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை. ஷூ லேஸின் ஒரு நுனி அவர் கையில், ஒரு நுனி என் கையில்.

"சொல்லு. மேல என்ன பாத்த?"

நான் சொன்னேன். மலை முதுகில் நடக்கும்போது இரண்டு பக்கமும் பள்ளம், ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் மேகம் என்றேன். மஞ்சள் பூ மலை முழுக்க என்றேன். என்ன மஞ்சள் என்றார். மாங்காய்ப் பச்சடி மஞ்சள் என்றேன். சரி என்று தலையாட்டினார். அவ்வளவு காற்றிலும் ஒரு கிழவர் குடை பிடித்துக்கொண்டு எதிரே வந்ததைச் சொன்னேன். அந்தக் குடையில் எத்தனை கம்பி ஒடிந்திருந்தது என்பதுவரை கேட்டார். டீக்கடைக்காரர் பாவம், பைக்கை நிறுத்திவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வாட்ஸ்அப் குரூப்பில் தாணேக்காரர் அறிவிப்புப் போட்டார். இனிமேல் அவரவர் பொருளுக்கு அவரவர் பொறுப்பு, ஏறாதவர்கள் வரவேண்டாம், பாதுகாப்புக்காக என்று மரியாதையாக எழுதியிருந்தார். சாயங்காலம் பார்த்தால் அக்கா குரூப்பை விட்டு விலகிவிட்டார் என்று சின்னதாக ஒரு வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நீளமாக, தமிழில், நல்ல வார்த்தையாகத்தான், நறுக்கென்று எழுதிப் போட்டேன். பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் சயான் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சாவிக்காரனிடம் என் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டேன். செம்பூருக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார், போட்டார், ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார். அவருடையதும் என்னுடையதுமாக இரண்டு சாவியும் அதற்கேற்ற சத்தமும்.

அதற்குப் பிறகு நான் மலைக்குப் போய்த் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் சந்து முனையில் திரும்பும்போதே என் கோலியில் லைட் எரிவது தெரியும். பஸ் பிடித்து வந்து, திறந்து, உட்கார்ந்திருப்பார். டீ கூடப் போட்டு வைத்திருக்க மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். நான் ஷூவைக் கழற்றும் முன்பே கேள்வி வந்துவிடும். அந்தக் குளிர்காலமும் அடுத்த மழைக்காலமும் அப்படிப் போயிற்று. அம்மா போனபிறகு அந்த வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

பிறகு அக்காவுக்குப் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மகள் வந்து ஆம்புலன்சிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சென்னை என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் செம்பூர் பிளாட்டைப் பூட்டியாயிற்று. போன் செய்தால் மகள்தான் எடுப்பாள். அம்மா தூங்குகிறார்கள் என்பாள், யார் பேசுவது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஒருமுறை, அம்மா சாமானோடு ஒரு முறுக்கு டப்பாவும் வந்திருக்கிறது, தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள். அதில் இருப்பது என் வீட்டுச் சாவி என்று நான் சொல்லவில்லை.

இப்போதும் மலைக்குப் போகிறேன். போன வாரம் மழையில் நனைந்து வந்து பூட்டோடு மல்லுக்கட்டினேன், திரும்பவே மாட்டேன் என்றது. பூட்டு தேய்ந்துபோயிற்று, வேறு மாற்று என்று சாவிக்காரன் வருஷக்கணக்காகச் சொல்கிறான். மாற்றினால் சென்னையில் இருக்கிற சாவி எதற்கும் ஆகாமல் போய்விடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் திறந்தேன்.